ஆடு, எழவு வீடு, காப்பி: ஐஸ்லாந்து நாவல சேலத்துல உக்காந்து படிக்கறது எப்படி

போன தீவாளிக்கு ஊருக்கு வந்த அத்தை பையன் என் அலமாரில இருந்த ஒரு தடி புக்க எடுத்து பின்னட்டைய படிச்சிட்டு "மச்சான், இது சோகக்கதையா காமெடியா, ஏதோ ஒண்ணு சொல்லு"ன்னான். ரெண்டுந்தான்டா, எடுத்துட்டு போய் படின்னேன். பத்து நாள் கழிச்சு வாட்ஸ்அப்ல மெசேஜ் வருது, மொத சாப்டரே பேய், சூனியக்காரி, சாமியாருன்னு போவுது, யாரு ஹீரோன்னே தெரியல, பேரு ஒண்ணும் வாயில நொழைய மாட்டேங்குது, புக்க அம்மாகிட்ட குடுத்தனுப்பறேன்னு. அவனுக்கு பதில் டைப் பண்ண ஆரம்பிச்சதுதான் இது, கை நிக்கல, இவ்ளோ நீளத்துக்கு போயிருச்சு.

புக்கு ஹால்தோர் லாக்ஸ்நெஸ் எழுதுன 'இண்டிபெண்டன்ட் பீப்பிள்'. ஐஸ்லாந்து மொழில 1934லயும் 1935லயும் ரெண்டு பாகமா வந்தது. இங்கிலீஷ்ல ஜே. ஏ. தாம்சன்னு ஒருத்தர் மொழிபெயர்த்து 1940கள் நடுவுல வந்துச்சு, 1955ல லாக்ஸ்நெஸ்ஸுக்கு நோபல் கெடச்சுது, அப்புறம் இங்கிலீஷ்ல ரொம்ப வருசம் கடையிலேயே கெடைக்காம இருந்து 1997ல மறுபடி அச்சுல வந்துச்சு. ஐநூறு பக்கம் கிட்ட வரும், எழுத்து வேற பொடி. இப்ப கண்ணாடி போட்டவங்க பகல்ல படிச்சுக்கங்க.

நான் மொத தடவ செஞ்ச தப்ப சொல்லிர்றேன். பனி, குளிரு, மலைன்னு எல்லாம் வர்ற புக்கு, அதனால ஏற்காடு போய் படிச்சா சரியா இருக்கும்னு நெனச்சேன். டிசம்பர் மாசம், ஒரு ரூம் போட்டு, ஃப்ளாஸ்க்ல காப்பி வாங்கி வெச்சுகிட்டு, சால்வைய போத்திகிட்டு ஜன்னலோரம் உக்காந்தா வெளிய மஞ்சு எறங்கி மரமெல்லாம் மறஞ்சு அவ்ளோ அழகா இருக்கு, எங்க புக்க படிக்கறது. நாப்பது பக்கம் தாண்டல. அதவிட பெரிய பிரச்சன என்னன்னா ஏற்காட்டு குளிரு நமக்கு சொகம், அந்த புக்குல குளிருங்கறது ஆள கொல்லுற சாமான். சொகமா உக்காந்துகிட்டு அத படிச்சா அதுவும் ஒரு சீனரியா தெரிய ஆரம்பிச்சிரும். அப்புறம் அக்னி நட்சத்திரத்துல, அம்மாபேட்டைல எங்க வீட்டு மொட்டமாடி ரூம்ல, கரெண்ட் போயி ஃபேன் நின்னு, பனியன் ஒட்டுன நேரத்துல மறுபடி எடுத்தேன் பாருங்க, ஓடிருச்சு. க்ளைமேட்டால ஒரு மனுசன் படாதபாடு படறத, க்ளைமேட்டால படாதபாடு பட்டுகிட்டே படிக்கணும். அவங்க ஊர்ல ஏப்ரல் கடைசில கோடைகாலத்தோட முதல் நாள்னு அரசு லீவு உண்டு, 19ல இருந்து 25க்குள்ள வர்ற வியாழக்கிழமை, அன்னிக்கு பனி பேஞ்சாலும் பேயும். அதே வாரத்துல நம்ம நாலு ரோட்டுல தார் உருகிகிட்டு இருக்கும்.

அடுத்து, இது ஆட்டு நாவல். இலக்கியம், நோபல், உலகத்தரம் இதையெல்லாம் ஓரமா வெச்சிருங்க. பியார்தூர்னு ஒருத்தன், 18 வருசம் ஒரு பெரிய வீட்டுல பண்ணையாளா கெடந்து காசு சேத்து, யாரும் வேணாம்னு விட்ட ஒரு காட்ட விலைக்கு வாங்கி, யாருக்கும் கைகட்டி நிக்க மாட்டேன்னு ஆடு வளக்கறான். கத அவ்ளோதான். வீடு மண்ணும் புல்லும் வெட்டி அடுக்குன வீடு, கீழ ஆடு, ஏணி ஏறுனா மேல மனுசங்க. மனுசனுக்கு ஒடம்பு சரியில்லன்னா பாத்துக்கலாம்பான், ஆடு செருமுனா ராத்திரி தூக்கம் வராது. எங்கம்மா பொறந்த ஊரு மேச்சேரி பக்கம், அந்த ஊரு பேருலயே செம்மறி ஆடு இருக்குங்கறது தெரிஞ்சிருக்கும், செம்பழுப்பு நெறம், ஒடம்புல கம்பளி இருக்காது, தோலுக்கும் கறிக்கும் பேர் போனது. எங்க அப்புச்சி ஐம்பது வருசமா ஆட்டுக்காரரு, தன்னோட பேரப்புள்ளைங்க பொறந்த வருசம் கேட்டா முழிப்பாரு, ஆனா எந்த தாயாடு எந்த மழைக்கு ரெட்டக்குட்டி போட்டுச்சுன்னு சொல்லுவாரு. பியார்தூர புரிஞ்சிக்க எனக்கு அந்த ஒரு ஆளு போதும். உங்க வீட்டுலயும் அந்த மாதிரி ஒருத்தர் இருப்பாரு, ஆடு இல்லன்னா தறி, தறி இல்லன்னா லாரி. அவர மனசுல வெச்சுகிட்டு ஆரம்பிங்க.

மொத சாப்டர்ல கோலும்கில்லின்னு ஒரு பழைய சாபம், குன்வோர்னு ஒரு சூனியக்காரி, அவ மேல குவிச்ச கல்லு எல்லாம் வரும். அத்தை பையன் கவுந்தது இங்கதான். இத தலபுராணம்னு நெனச்சு வேகமா படிச்சு தாண்டுங்க, எழுத்தாளரே நக்கலாத்தான் சொல்லிகிட்டு போறாரு. ஞாபகம் வெச்சுக்க வேண்டியது ஒண்ணே ஒண்ணு, அந்த வழியா போறவங்க எல்லாம் அவ கல்லறை மேல ஒரு கல்லு போட்டுட்டு போவாங்க, நல்லது நடக்கும்னு. பியார்தூர் போட மாட்டான். புதுப்பொண்டாட்டி கெஞ்சுவா, ஒரே ஒரு கல்லு போட்டுட்டு போலாம்னு, அப்பவும் மாட்டான். இத இங்கிலீஷ்காரன் படிச்சா ஏதோ நாட்டுப்புற நம்பிக்கைன்னு அடிக்குறிப்பு தேடுவான். நமக்கு எதுக்கு. மலை ஏறுற ரோட்டுல முனியப்பன் கோயில் வந்தா வண்டிய ஸ்லோ பண்ணி கன்னத்துல போட்டுக்காத டிரைவர் எவனாச்சும் இருந்தா பின்சீட்ல இருக்கறவங்களுக்கு வயித்த கலக்கும்ல, அதான்.

பேரு விஷயத்துக்கு வர்றேன், எல்லாரும் பயப்படறது இதுக்குத்தான், நெசத்துல பயப்படவே தேவையில்லாததும் இதுதான். அவங்களுக்கு பெரும்பாலும் குடும்பப்பேரு கெடயாது. அப்பா பேரோட பையன்னா 'சொன்', பொண்ணுன்னா 'தோத்திர்'னு ஒட்டிக்குவாங்க, ஜனாதிபதியா இருந்தாலும் முதல் பேரு சொல்லித்தான் கூப்புடுவாங்க, டெலிபோன் டைரக்டரியே முதல் பேரு வரிசைலதான் இருந்துச்சு. நம்ம இனிஷியல்தாங்க இது, முன்னாடி போடறத பின்னாடி போடறாங்க. பாஸ்போர்ட் ஃபார்ம்ல சர்நேம்னு வர்ற கட்டத்துல என்ன எழுதறதுன்னு முழிச்ச எந்த தமிழனுக்கும் ஐஸ்லாந்துக்காரன் சொந்தக்காரன். உச்சரிப்புல நாலே விஷயம். ஜே எழுத்து வந்தா 'ய'ன்னு படிங்க. ஏ மேல சாஞ்ச கோடு போட்டிருந்தா 'அவு', அதனால ஆஸ்தா இல்ல அவுஸ்தா. டி எழுத்த குறுக்க வெட்டுன மாதிரி ஒண்ணு வரும், அது 'அது', 'இது'ல வர்ற மெதுவான து சத்தம், இதுல இங்கிலீஷ்காரன விட நமக்குத்தான் சுலபம். ரெண்டு எல் சேந்து வந்தா பல எடத்துல 'ட்ல்'னு நாக்கு தட்டும், 2010ல வெடிச்சு ஐரோப்பா விமானத்தையெல்லாம் நிறுத்துச்சே ஒரு எரிமலை, நியூஸ் வாசிச்சவங்க எல்லாம் திணறுனாங்களே, அது கடைசில 'யோகுட்ல்'னு முடியும். இதுக்கு மேல மெனக்கெடாதீங்க. நான் புக்குமார்க்கா ஒரு பழைய கல்யாண பத்திரிகைய வெச்சு அதோட பின்பக்கம் பேரையும் சொந்தத்தையும் எழுதிகிட்டேன், மொத பாதி முடியறதுக்குள்ள பத்து பன்னெண்டு பேருதான் வர்றாங்க, நம்ம வீட்டு விசேசத்துக்கு பந்தி பரிமாறவே அதவிட ஜாஸ்தி ஆளு வரும்.

தாம்சன் இங்கிலீஷ் அழகான இங்கிலீஷ், ஆனா பழசு. ஆட்டுக்காரங்க பாஷைல கிம்மர் மாதிரி வார்த்தையெல்லாம் போடுவாரு, அது இன்னும் குட்டி போடாத பொட்ட ஆடு. ஒவ்வொண்ணுக்கும் டிக்‌ஷனரி ஆப்ப தொறந்தீங்கன்னா கத செத்துரும், விட்டுட்டு போங்க, ரெண்டாவது தடவ வரும்போது தானா புரிஞ்சிரும். ஒரு வார்த்த மட்டும் முன்னாடியே சரி பண்ணிக்கங்க, பெய்லிஃப். கோர்ட் அமீனான்னு நெனச்சு நான் அம்பது பக்கம் குழம்புனேன், அமீனா எதுக்கு இவ்ளோ நெலம் வெச்சிருக்கான், எதுக்கு எல்லாரும் இவன்கிட்ட போய் நிக்கறாங்கன்னு. அப்புறம்தான் ஒறச்சுது, இது நம்ம மணியக்காரர். ஊரு பொறுப்பும் அவருகிட்ட, பெரிய பண்ணையும் அவருது. பெய்லிஃப்னு வர்ற எடமெல்லாம் மணியக்காரர்னு படிச்சு பாருங்க, அந்த ஆளோட கஞ்சத்தனம், பழைய கோட்டு, எல்லாரையும் ஒரு பார்வ பாக்கறது எல்லாம் டக்குனு உயிரோட எந்திரிச்சு வரும். மணியக்காரர் சம்சாரம் ஒரு கவிஞர், கிராமத்து வாழ்க்கதான் சொர்க்கம்னு கல்யாணத்துல எந்திரிச்சு பேசுற ஆளு. ஏற்காட்டுல ரெண்டு நாள் ஹோம்ஸ்டேல தங்கிட்டு இங்கயே செட்டில் ஆகிடலாம் போல இருக்குன்னு ஸ்டேட்டஸ் போடறாங்கல்ல, அந்த குரல்லயே படிங்க.

இப்ப முக்கியமான எடம். சிரிப்பு எங்க இருக்குன்னு கண்டுபிடிக்கறது. பின்னட்டைல டார்க்லி காமிக்னு போட்டிருக்கும், உள்ள போனா ஜோக்கே இருக்காது. யாரும் யாரையும் கலாய்க்க மாட்டாங்க. எழுத்தாளர் கண்ணடிக்க மாட்டாரு. சாவு ஒரு வரில வரும், அடுத்த வரில ஆட்டுக்கு புழு மருந்து. கல்யாணமானாலும் எழவானாலும் கூடுற ஆம்பளைங்க மழையப் பத்தி, ஆட்டுப்புழுவப் பத்தி, நாய்க்கு புழு மருந்து குடுக்கறத பத்தித்தான் பேசுவாங்க, காப்பி வரும், இன்னொரு கப் வரும், மறுபடியும் புழு. மொத தடவ படிக்கறப்ப என்னடா இது மனுசங்களா இவங்கன்னு இருந்துச்சு.

அந்த வருசம் வாழப்பாடி பக்கத்துல எங்க பெரியப்பா தவறிட்டாரு. எடுக்க நேரம் இருந்துச்சு, சென்னைல இருந்து பொண்ணு வரணும். பந்தல்ல பிளாஸ்டிக் சேர் போட்டு உக்காந்திருக்கோம், உள்ள ஒப்பாரி கேக்குது, என் பக்கத்துல மூணு பெரியவங்க. மொதல்ல அஞ்சு நிமிசம் பெரியப்பா எவ்ளோ நல்ல மனுசன்னு பேசுனாங்க. அப்புறம் ஒருத்தர் கேட்டாரு, கெழங்கு புடுங்கிட்டீங்களான்னு. அவ்ளோதான். குச்சிக்கிழங்குல மாவுப்பூச்சி அடிச்சது, எந்த மருந்து கேக்குது எது கேக்கல, மில்லுல பாயிண்ட் எவ்ளோ போடறான், போன வாரம் எவ்ளோ போட்டான், மாவுச்சத்து பாயிண்ட்ட கொறச்சு காட்டறானுங்கன்னு ஒருத்தருக்கு ஆத்திரம், குரல் ஏறுது, உள்ள ஒப்பாரி ஏறுது, இவரு அதுக்கும் மேல ஏத்தறாரு. நடுவுல ஒரு பையன் பேப்பர் கப்ல காப்பி கொண்டாந்தான், அந்த ஆத்திரக்காரர் வாங்கி ஒரு வாய் குடிச்சிட்டு, சர்க்கர பத்தல, அண்ணன் இருந்திருந்தா இந்த காப்பிய விட்டிருப்பாரான்னு சொல்லிட்டு, சொன்ன மாத்திரத்துல மூஞ்சி கோணி அழ ஆரம்பிச்சிட்டாரு. நான் வீட்டுக்கு வந்து குளிச்சிட்டு அந்த புழு பேசுற சாப்டர மறுபடி எடுத்து படிச்சேன். மொத தடவ சிரிப்பு வந்துச்சு, சிரிச்சிகிட்டே இருக்கறப்ப வேற ஒண்ணும் வந்துச்சு. அவங்க புழுவ பேசறது சாவு பெருசா இல்லங்கறதால இல்ல. அத பேச வார்த்த கெடயாது, புழுவப் பேச நெறைய இருக்கு. இந்த நாவல படிக்கற டோன் வேணும்னா நல்ல எழவு வீட்டு பந்தல்ல ஒரு மணி நேரம் காது குடுத்து உக்காருங்க, வேற எந்த விமர்சனமும் தேவையில்ல.

அந்த டோன்ல படிக்க வேண்டிய பெரிய எடம் ஒண்ணு மொத பாகத்துலயே வருது. கத தெரியக்கூடாதுன்னு நெனக்கறவங்க அடுத்த பாராவ தாண்டிருங்க, ஆனா தெரிஞ்சு படிச்சாலும் ஒண்ணும் கொறயாது.

பியார்தூர் பொண்டாட்டி ரோசா மாசமா இருக்கா, அதுல வேற ஒரு சிக்கல் இருக்கு, அத சொல்ல மாட்டேன். வீட்டுல உப்புமீனு தவிர ஒண்ணும் இல்ல, பாலு இல்ல, கறி இல்ல, கறிக்கு அவ ஏங்கிப்போய் கெடக்கா. மலைல மேயுற ஆட்ட ஓட்டிட்டு வர இவன் போறான், தனியா இருக்க பயப்படறாளேன்னு தொணைக்கு ஒரு பொட்ட ஆட்ட கட்டிட்டு போறான். ராத்திரி காத்தும் மழையும், ஆடு கத்துது, அது ஆடு இல்ல பிசாசுன்னு அவளுக்கு தோணிருது. அறுத்துர்றா. அறுத்து, சமச்சு, திங்கறா. திரும்பி வந்தவனுக்கு ஆட்ட காணோம். அப்புறம் அந்த ஆட்ட தேடி குளிர்காலத்துல மலைக்கு கெளம்பறான், பொண்டாட்டிக்கு நாள் நெருங்கிருச்சு, இருந்தும் போறான். அங்க ஒரு கலைமான் கெடா மேல ஏறி ஒக்காந்து அது இவன தூக்கிகிட்டு ஆத்துக்குள்ள எறங்கி, அக்கரைல ஒதறி, பனிப்புயல்ல ராத்திரி பூரா தூங்கக்கூடாது தூங்குனா சாவுன்னு பழைய பாட்டா சொல்லிச்சொல்லி தன்னைத்தானே முழிக்க வெச்சுகிட்டு பொழச்சு வீடு வந்தா அவ செத்து கெடக்கா, கொழந்த மட்டும் உயிரோட, நாய் படுத்து சூடு குடுத்து காப்பாத்தி வெச்சிருக்கு. இவன் ஒதவி கேட்டு மணியக்காரர் வீட்டுக்கு போறான். போயி நேரா சொல்லுவானா, மாட்டான். சுத்தி வளைப்பான், வேற ஏதேதோ பேசுவான், பொண்டாட்டி செத்தத ஏதோ சின்ன சமாச்சாரம் மாதிரி கடைசில எடுப்பான். இந்த பேச்ச மட்டும் மெதுவா, வாய்விட்டு படிங்க. உங்க ஊர்ல கடன் கேக்க வந்தவரு மழை எப்படின்னு ஆரம்பிச்சு வாசப்படி எறங்கறப்ப "அப்புறம் ஒரு சின்ன விஷயம்"பாரே, அந்த தாளம் கேக்கும்.

அந்த பழைய பாட்டு பத்தி ஒரு வார்த்த. ரீமுர்னு சொல்லுவாங்க, கட்டுக்கோப்பான செய்யுள், ரெண்டு வரி ஜோடில மொத வரில ரெண்டு எடத்துலயும் அடுத்த வரி தலைலயும் ஒரே சத்தம் வரணும், அது போக ஒலி ஒட்டணும். மோனையும் இயைபும்தான். பியார்தூருக்கு இலக்கணம் கட்டாத புதுப்பாட்டுன்னா ஏளனம், ஸ்கூலு பக்கம் போகாதவன் ஆனா செய்யுள்ல கறாரு. தமிழ் வாத்தியாருகிட்ட வெண்பா எழுதி தளை தட்டுதுன்னு குட்டு வாங்கனவங்களுக்கு இந்த ஆளு மேல பாசமே வந்துரும். மொழிபெயர்ப்புல அந்த சத்தம் பாதி போயிருது, தாம்சன் முடிஞ்சத செஞ்சிருக்காரு.

நடுவுல ஒரு எடத்துல கண்டிப்பா சலிப்பு தட்டும், ஹார்ட் டைம்ஸ்னு ஒரு பாகம், ரெண்டாவது குடும்பம், பசங்க, மழை, சேறு, வைக்கல், மழை. தள்ளிப்போட்டுறாதீங்க, ஒரு நாளைக்கு பதினஞ்சு பக்கம்னு கணக்கு வெச்சு தாண்டிருங்க. அடுத்த பாகம் செழிப்பான வருசங்கள்னு பேரு, நாவலோட ரொம்ப கொடூரமான காமெடி அங்கதான். முதல் உலகப்போர் நடக்குது, ஐரோப்பால லட்சக்கணக்குல சாகறாங்க, அதனால ஆட்டுக்கறிக்கும் கம்பளிக்கும் விலை ஏறுது, இவங்க உக்காந்து போர வாழ்த்தறாங்க, இன்னும் கொஞ்ச நாள் நடக்கட்டும்னு. கைல காசு வந்ததும் பியார்தூர் கான்கிரீட்ல வீடு கட்டறான். வீட்டைக் கட்டிப் பார் கல்யாணம் பண்ணிப் பார்னு நம்ம ஊர்ல சும்மாவா சொன்னாங்க, இந்த ஆளு ரெண்டையும் பண்ணிப் பாத்துட்டான். லோன் போட்டு வீடு கட்டுனவங்க அந்த சாப்டர மாசக்கடைசில படிக்காதீங்க.

சாப்பாடு பத்தி ஒண்ணு. இங்கிலீஷ் விமர்சனம் எதப் படிச்சாலும் சுட்ட ஆட்டுத்தலை, ரத்தத்துல செஞ்ச பதார்த்தம்னு சொல்லி மூக்க பொத்துவாங்க. ஞாயித்துக்கெழம காலைல தலைக்கறிக்கும் ரத்தப்பொரியலுக்கும் தூக்குபோணியோட நிக்கற ஊருக்காரங்க நாம, அந்த எடத்துல எல்லாம் நமக்கு பசிதான் எடுக்கும். நான் பக்கத்துல ஒரு தட்டுவட செட்டு வாங்கி வெச்சுகிட்டுத்தான் ஒக்காருவேன், புக்கு ஓரத்துல பீட்ரூட் கறை இன்னும் இருக்கு.

இது புடிச்சு போச்சுன்னா அடுத்து ஹால்கிரீமுர் ஹெல்காசோன் எழுதுன 'வுமன் அட் 1000 டிகிரீஸ்', ஐஸ்லாந்துல 2011ல வந்தது, பிரையன் ஃபிட்ஸ்கிப்பன் இங்கிலீஷ்ல பண்ணிருக்காரு. 80 வயசு பாட்டி ஒரு கராஜ்ல படுத்துகிட்டு, லேப்டாப்பும் பழைய ஜெர்மன் கையெறி குண்டும் பக்கத்துல வெச்சுகிட்டு, தன்னை எரிக்கறதுக்கு மின்மயானத்துல தானே போன் போட்டு தேதி புக் பண்ணுது. இது வாயாடி புக்கு, லாக்ஸ்நெஸ் மாதிரி அழுத்தமான ஆளு இல்ல. நாலு லட்சம் பேரு கூட இல்லாத நாடுங்க அது, நம்ம சேலம் மாநகராட்சியே 2011 கணக்குல எட்டு லட்சத்த தாண்டுது, அந்த கொஞ்சூண்டு கூட்டம் கிறிஸ்துமஸுக்கு முந்தின ராத்திரி ஒருத்தருக்கொருத்தர் புக்கு பரிசு குடுத்து, அந்த சீசன புத்தக வெள்ளம்னே பேரு வெச்சு கூப்புடறாங்க. எங்க வீட்டுல தீவாளிக்கு புக்கு வாங்கித் தரேன்னு சொன்னேன், அக்கா பொண்ணு என்னய ஒரு பார்வ பாத்தா.

கடைசியா ஒரு டெஸ்ட். புக்கு சரியா உள்ள எறங்கிச்சான்னு தெரியணும்னா படிக்காத ஒருத்தருக்கு கதய வாயால சொல்லிப் பாருங்க. நான் மேச்சேரி போயிருந்தப்ப அப்புச்சிகிட்ட சொன்னேன், திண்ணைல உக்காந்து ஒரு குட்டிக்கு காது பாத்துகிட்டு இருந்தாரு. பனில ஆட்ட தேடி போனது, கலைமான் மேல ஏறுனது, ராத்திரி பூரா பாட்டு சொன்னது, வீட்டுக்கு வந்தா பொண்டாட்டி செத்து கெடந்தது, நாயி கொழந்தைய காப்பாத்துனது, எல்லாம் முடிச்சிட்டு அவரு மூஞ்சிய பாத்தேன். குட்டி காத விடாம புடிச்சிகிட்டே கேட்டாரு.

"ஆடு கெடச்சுதா?"

"இல்ல அப்புச்சி, அததான் அவ அறுத்து தின்னுட்டாளே."

"முழு ஆட்டயுமா?"

உள்ள அடுப்படில இருந்து அம்முச்சி சத்தம் வருது. "அந்த புள்ள வயித்துல புள்ளயோட எத்தன நாளு பட்டினி கெடந்துச்சோ, இந்த மனுசன் ஆட்டுக்கு கணக்கு கேக்கறாரு பாரு."